‘தைரியமா இருங்க’ என்றால் போதுமா? புற்றுநோய் வார்டில் வாரக்கணக்கில் படுத்திருப்பவரின் மனசுக்கும் சிகிச்சை உண்டு

கிணத்துக்கடவு பக்கம் ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், அடுத்த ஒரு நாளில் அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காப்பீட்டு அட்டை எங்கே என்று பீரோவைக் கலைப்பார்கள். நகைக்கடனுக்கு ஒருவர் கிளம்புவார். கோவையில் எந்த மருத்துவமனை நல்லது என்று நாலு பேரிடம் போன் போட்டுக் கேட்பார்கள். ரத்தம் கொடுக்க யார் யார் என்று வாட்ஸ்அப்பில் பெயர்கள் சேரும். கறவை மாட்டை யார் பார்ப்பது, தோப்புக்கு யார் தண்ணி கட்டுவது என்பதுகூட முடிவாகிவிடும்.

அட்மிட் ஆகப்போகிறவரிடம் ‘மனசு எப்படி இருக்குதுங்க?’ என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வராது. கேட்டால் அழுதுவிடுவாரோ என்று பயம். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: ‘தைரியமா இருங்க.’

வலிக்கு மருந்து இருக்கிறது, காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தீவிர சிகிச்சைக் காலத்தில் வரும் பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் அதேபோல அளவுகோலும் சிகிச்சையும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கவனிக்காமல் விட்டால் சாப்பாடு நிற்கும், தூக்கம் போகும். சிலர் பாதியிலேயே ‘போதும், வீட்டுக்குப் போலாம்’ என்று சிகிச்சையையே நிறுத்திவிடுகிறார்கள். எனவே இது மனசோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை.

மருத்துவமனை நாட்கள் ஏன் இவ்வளவு கனமாக இருக்கின்றன?

கோவை–பொள்ளாச்சி சாலையில் கோவையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது கிணத்துக்கடவு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜி.கே.என்.எம்., பி.எஸ்.ஜி., ஸ்ரீ ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச். என்று புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் இடங்கள் கோவையிலேயே உண்டு. ‘ஒரு மணி நேர பஸ்தானே’ என்று தோன்றும்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பல புற்றுநோய்களுக்கு வாரத்தில் 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் போக வேண்டியிருக்கும். மெஷினில் படுப்பது சில நிமிடம்தான். அதற்காகத் தினமும் உக்கடம் போய் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, திரும்ப வர வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். தலை அசையாமல் இருக்க முகத்தோடு ஒட்டிய வலை மாதிரியான முகமூடி போட்டு, அதை மேசையோடு பூட்டுவார்கள். அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். மூச்சு முட்டுவது போலப் பதறிப்போய், நாலாவது நாளே ‘நான் வரல’ என்று சொல்பவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லி, மூச்சுப் பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் ஒரு மாத்திரையும் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய பயம்தான் இது.

உள்நோயாளியாக இருந்து எடுக்கும் கீமோதெரபி வேறு கதை. ‘அக்யூட் மைலாய்ட் லுகேமியா’ என்ற வேகமான ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதற்கான வழக்கமான முதல் கட்ட சிகிச்சையை மருத்துவர்கள் ‘7+3’ என்பார்கள். ஒரு மருந்து 7 நாள் ஏறும், இன்னொரு மருந்து அதில் 3 நாள் ஏறும். மருந்து ஏறி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். அவை திரும்ப ஏறும்வரை காய்ச்சல், வாய்ப்புண், ரத்தம் ஏற்றுவது, பிளேட்லெட் ஏற்றுவது என்று மொத்தமாக 4 முதல் 6 வாரம் மருத்துவமனையிலேயே போய்விடும்.

அந்த நாட்களில் நோய்த்தொற்று பயத்தால் தனி அறை. பார்க்க வருகிறவர்களுக்குத் தடை. பல இடங்களில் பூ கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. பொன்மலை வேலாயுதசாமி கோயிலிலிருந்து யாராவது பிரசாதம் கொண்டுவந்தால்கூட வாசலோடு சரி. பேரக்குழந்தையை வீடியோ காலில்தான் பார்க்க முடியும். காலையில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்; அதில் இருக்கும் ஒரு எண்தான் அந்த நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதைத் தீர்மானிக்கும். காலையிலிருந்து ராத்திரிவரை தோட்டத்தில் நடந்தே பழகின மனிதருக்கு இந்த நாலு சுவர் ஒரு தண்டனை மாதிரி.

இதோடு கணக்கும் சேர்ந்துகொள்ளும். தக்காளி விலை என்ன, தென்னையில் வேர் வாடல் எத்தனை மரத்துக்குப் பரவியிருக்கிறது, மகள் கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ. நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது நோயை மட்டும்தான் நினைக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எத்தனை பேருக்கு இது வருகிறது?

2011-ல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. பல நாடுகளில், நோயாளிகளை நேரில் உட்கார வைத்துப் பேசி நடத்திய 94 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு மருத்துவ ரீதியான மனச்சோர்வு இருந்தது. பதற்றம், சூழலோடு ஒத்துப்போக முடியாத நிலை போன்றவற்றையும் சேர்த்தால் 10-ல் கிட்டத்தட்ட 4 பேர். மீதி 6 பேர் கவலையே படவில்லை என்று அர்த்தம் இல்லை. அவர்களுடைய கவலை, குடும்பமும் நல்ல நர்ஸும் இருந்தால் தானாகவே தாங்கிக்கொள்ளக்கூடிய அளவில் இருந்தது.

இதில் முதல் சில வாரங்களை ரொம்பவே கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் லட்சக்கணக்கானோரின் பதிவேடுகளை வைத்து நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல் இருந்ததாக அது சொன்னது. சிகிச்சையின் கஷ்டம் தொடங்குவதற்கு முன்பே, வெறும் செய்தியே அவ்வளவு வேலை செய்கிறது. ‘இனி நான் யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது’, ‘நான் இல்லைன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்’ என்று ஒருவர் சொன்னால் அதை விரக்திப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

மனச்சோர்வா, மருந்தின் வேலையா?

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ரொம்பவே குழம்புகின்றன. பசி இல்லை, தூக்கம் இல்லை, உடம்பில் தெம்பு இல்லை என்பவை மனச்சோர்வின் அறிகுறிகள். கீமோ எடுக்கும் பலருக்கும் இவை மருந்தாலேயே வரும். அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மருத்துவர்கள் மனசு பக்கம் இருக்கும் அறிகுறிகளைத் தேடுவார்கள். பிடித்தமான விஷயத்தில்கூட ஆர்வம் போய்விட்டதா? பேத்தி போனில் பாடினாலும் முகத்தில் அசைவு இல்லையா? ‘நான் செய்த பாவம்’, ‘யார் விட்ட சாபமோ’ என்று தன்னையே குற்றம் சொல்கிறாரா? இனிமேல் ஒன்றும் இல்லை என்கிறாரா? இது 2 வாரத்துக்கு மேல், தினமும், நாளின் பெரும்பகுதி இருக்கிறதா? ஆமாம் என்றால் அது கீமோவின் களைப்போடு நிற்கவில்லை.

இன்னொரு பக்கம், மனசு மாறியதுபோலத் தெரிவது உண்மையில் மருந்தின் வேலையாக இருக்கலாம். ‘அவரு ஆளே மாறிட்டாருங்க, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு’ என்று மனைவி சொல்வார். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், சிலரை அளவுக்கு மீறி உற்சாகமாக்கி அப்புறம் கீழே தள்ளும். ராத்திரி டோஸைக் காலைக்கு மாற்றினாலே சிலருக்குத் தூக்கம் வந்துவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு உட்கார முடியாத, படுக்க முடியாத ஒரு தவிப்பைக் கொடுக்கும். பார்ப்பவர்களுக்கு அது பதற்றம் மாதிரியே இருக்கும். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்குச் சில மாதம் கழித்துத் தைராய்டு குறைந்து, சோர்வும் சோகமும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ராத்திரி ‘மாட்டைப் பிடிச்சுக் கட்டோணும்’ என்று டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தால், அல்லது கூப்பிட்டால் பதில் இல்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், அது ‘பயத்தில் உளறுகிறார்’ இல்லை. காத்துக் கருப்பும் இல்லை. நோய்த்தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, வலி மருந்தின் அளவு போன்றவற்றால் மூளை தடுமாறும் நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

கீமோ எடுத்த பலர் சொல்லும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். மூன்றாவது, நாலாவது சுற்றுக்கு வரும்போது, மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலில் அந்த டெட்டால் வாசனை அடித்ததுமே சிலருக்கு வாந்தி வந்துவிடும். வீட்டில் ‘நடிக்கறாரு’ என்பார்கள். நடிப்பு இல்லை. முந்தைய அனுபவத்தை வாசனையோடு சேர்த்து மூளை ஞாபகம் வைத்துக்கொண்டதால் வருவது. முதல் சுற்றிலேயே வாந்தியைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் இது வருவது குறையும். வந்த பிறகு சாதாரண வாந்தி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. பதற்றத்தைக் குறைக்கும் மருந்தும் தளர்வுப் பயிற்சியும்தான் உதவும்.

‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க டாக்டர்’

கொங்குப் பகுதியில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் தினமும் கேட்கும் வார்த்தை இது. ரிப்போர்ட்டை மகன் வாங்குவார். கன்சல்டிங் ரூமுக்கு வெளியிலேயே மருத்துவரை மடக்கி, ‘கட்டின்னு சொல்லியிருக்கறோம், கேன்சர்னு சொன்னா தாங்கமாட்டாருங்க’ என்பார். ஃபைலில் இருக்கும் ‘ஆன்காலஜி’ என்ற வார்த்தை தெரியாமல் மடித்து வைப்பவர்களும் உண்டு.

இதைத் திட்டிப் பேசுவது சுலபம். இதற்குப் பின்னால் இருப்பது ஏமாற்றும் எண்ணம் இல்லை, பாசம். குடும்பமாக முடிவெடுத்தே பழகிய ஊர் இது. மூத்தவரைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று நினைப்பதில் தப்பும் இல்லை. கொஞ்சம் வெட்கமும் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ‘அம்மாவுக்குக் கேன்சர்’ என்று வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிறார்கள். கீமோ தொடங்கி 2, 3 வாரத்தில் முடி கொட்டும்போது, ‘பழனிக்குப் போய் மொட்டை போட்டோமுங்க’ என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். தனக்கும் அதே சிவப்புத் திரவம்தான் ஏறுகிறது. தான் வந்ததும் பேச்சு நின்றுபோவதைக் கவனிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் லீவு போட்டுவிட்டு ஏன் வந்தான் என்று யோசிக்கிறார். ஆனால் பிள்ளைகள் மறைக்கிறார்களே, தெரிந்த மாதிரிக் காட்டினால் அவர்கள் உடைந்துவிடுவார்கள் என்று அவரும் தெரியாத மாதிரி நடிக்கிறார். ஒரே அறையில் இரண்டு பக்கமும் நடிப்பு. பயத்தைச் சொல்ல ஆள் இல்லாமல், ராத்திரி 2 மணிக்குத் தனியாக விழித்திருப்பது அவர்தான்.

நடைமுறைக் கெடுதலும் உண்டு. ‘சாதாரணக் கட்டி’க்கு எதற்கு 6 சுற்று மருந்து? உடம்பு இப்படிப் படுத்தும்போது ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? காரணம் தெரியாதவர் பாதியில் நிறுத்தச் சொல்வது இயல்புதானே. நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, பேச வேண்டிய பழைய மனஸ்தாபங்கள் என்று அவர் முடிக்க நினைக்கும் வேலைகளும் அப்படியே நிற்கும்.

அதற்காக ‘உங்களுக்குக் கேன்சர், இந்த ஸ்டேஜ்’ என்று போட்டு உடைப்பதும் வழி இல்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு மருத்துவர்களுக்கு ஒரு முறை கற்றுத்தரப்படுகிறது. ‘ஸ்பைக்ஸ்’ என்று பெயர். 2000-ல் வெளியான இந்த ஆறு படி முறையில் சொல்வதற்கு முன்பு கேட்பதுதான் முக்கியம். ‘உங்களுக்கு என்னன்னு நினைக்கறீங்க?’ என்று முதலில் கேட்க வேண்டும். ‘இன்னும் விவரமா தெரிஞ்சுக்கோணுமுங்களா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?’ என்று அடுத்து கேட்க வேண்டும். சிலர் ‘எல்லாத்தையும் சொல்லுங்க’ என்பார்கள். சிலர் ‘நீங்க பார்த்துச் செய்யுங்க, எனக்கு வேண்டாம்’ என்பார்கள். இரண்டுமே அவருடைய உரிமை. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மகன் அவருக்காக முடிவு செய்வதுதான் சிக்கல்.

மகனாகவோ மகளாகவோ இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவரிடம், ‘நாங்க இன்னும் சொல்லல, எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்க உதவி பண்ணுங்க’ என்று கேளுங்கள். அவர் நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால், அதற்கப்புறம் ‘ரிசல்ட் நல்லா வந்திருக்குதுங்க’ என்று உண்மையாகவே சொன்னாலும் நம்பமாட்டார்.

குழந்தை நோயாளியாக இருந்தாலும் இதுதான். ‘ஊசி வலிக்காது கண்ணு’ என்று சொல்லி ஏமாற்றினால், அடுத்த ஊசிக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

மனசை எப்படி அளப்பார்கள்?

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது. சைக்கோ-ஆன்காலஜி என்று பெயர். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் 1970-களின் கடைசியில் இதைத் தனிப் பிரிவாக வளர்த்தெடுத்தார். ‘உங்களுக்கு மனநோய் இருக்கிறதா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதனால் ‘மன உளைச்சல்’ என்ற பொருள் தரும், யாரும் கூச்சப்படாத ஒரு சொல்லை எடுத்தார்கள். 1998-ல் ஒரு எளிய கருவியும் வந்தது. தெர்மாமீட்டர் படம் ஒன்று, அதில் 0 முதல் 10 வரை எண்கள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எந்த அளவு என்று வட்டம் போட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாகப் பேச வேண்டும் என்று அர்த்தம். பணமா, வீடா, வலியா, பயமா, சாமி மேல் கோபமா என்று காரணத்தைக் குறிக்கவும் பக்கத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும்.

படிக்கத் தெரியாதவரிடம்கூட வாயால் கேட்டுவிடலாம். ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டுப் பழகிய வார்டில் ‘மனசு பத்துக்கு எத்தனை?’ என்று கேட்க அரை நிமிடம் போதும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி என்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது அது. டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அங்கே சைக்கோ-ஆன்காலஜிக்குத் தனித் துறை இயங்குகிறது. வெளிநாட்டுக் கேள்வித்தாள்களை அப்படியே மொழிபெயர்த்தால் நம் ஆட்களுக்குப் பொருந்தாது என்பதால், நம் நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை அங்கே உருவாக்கிச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2005-ல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் வெளியானது.

கவனித்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதுவும் தனி அறையில் வாரக்கணக்கில் இருக்கும் நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்காக அட்மிட் ஆன 160 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவை, வழக்கமான சிகிச்சையோடு, நோய் ஆதரவு சிகிச்சைக் குழுவினரும் வாரத்துக்கு இரண்டு முறையாவது வந்து பார்த்தார்கள். வாந்தி, வலி, தூக்கம், பயம் என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார்கள். மிகக் கஷ்டமான இரண்டாவது வாரத்தில் இவர்களுடைய வாழ்க்கைத்தரம் மற்றவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. பதற்றமும் மனச்சோர்வும் குறைவு. 6 மாதம் கழித்தும் மனச்சோர்வு குறைவாகவே இருந்தது. முதல் முடிவுகள் 2016-ல் ‘ஜாமா’ இதழில் வந்தன. முன்னே சொன்ன வேகமான ரத்தப் புற்றுநோய்க்குத் தீவிர கீமோ எடுத்த 160 பேரிடம், 4 மருத்துவமனைகளில் இதே முறையைச் சோதித்தார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவும் இதையேதான் சொன்னது.

நம்மூரில் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ‘பேலியேட்டிவ் டாக்டர் வந்து பார்ப்பார்’ என்றாலே ‘அப்ப கைவிட்டுட்டாங்களா?’ என்று குடும்பம் கலங்கும். அந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் குணமாக வேண்டும் என்று முழு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நோய் ஆதரவு சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டும் உரியது என்பது பழைய எண்ணம்.

என்ன சிகிச்சை கொடுப்பார்கள்?

பெரும்பாலும் பேச்சில்தான் தொடங்கும். ‘பேசினா என்ன ஆகப்போகுது’ என்பது பலருடைய சந்தேகம். ஆலோசகர் அறிவுரை சொல்லமாட்டார். எந்த எண்ணம் ராத்திரியில் வருகிறது, எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க உதவுவார். மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி கற்றுத்தருவார். காலையில் எழுந்து உட்காருவது, வராந்தாவில் அனுமதித்த அளவு நடப்பது, பகலில் தூங்காமல் இருப்பது என்று நாளுக்கு ஒரு ஒழுங்கு கொடுப்பார். சின்ன விஷயமாகத் தெரியும். பகலும் இரவும் ஒன்றாகிவிட்ட அறையில் அது பெரிய விஷயம்.

தேவைப்பட்டால் மாத்திரை. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் கொடுக்க 2 முதல் 4 வாரம், சில நேரம் கூடுதலாகவும் ஆகும். ‘நாலு நாள் போட்டோம், ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்திவிடக்கூடாது. வாந்தியும் பசியின்மையும் தூக்கமின்மையும் சேர்ந்து இருப்பவருக்கு மிர்ட்டாசபின் என்ற மருந்தைச் சில மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அது மூன்றுக்கும் கொஞ்சம் உதவும். மார்பகப் புற்றுநோய்க்குத் டாமோக்சிஃபென் சாப்பிடும் பெண்கள் கவனிக்க: பராக்ஸெட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டாமோக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். எனவே வெளியில் மனநல மருத்துவரைப் பார்த்தால் புற்றுநோய் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘தூக்க மாத்திரை’ கேட்டு வாங்கிப் போடுவது ரொம்பவே ஆபத்து.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. வலியோடு படுத்திருப்பவருக்கு எந்த ஆலோசனையும் ஏறாது. மார்ஃபின் என்றால் போதைக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயந்து வலியை மறைக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக எடுக்கும்போது அடிமையாவது அரிது.

நாட்டு மருந்து, மந்திரிப்பது, நேர்த்திக்கடன் பற்றியும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோயிலுக்கு வேண்டிக்கொள்வது பலருக்கு மனசைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை யாரும் தடுக்கப்போவதில்லை. கீமோ நடக்கும்போது பெயர் தெரியாத பொடியோ கஷாயமோ உள்ளே போனால்தான் கல்லீரலுக்குச் சிக்கல்.

கூட இருப்பவரை யார் கேட்பது?

படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர் பெரும்பாலும் மனைவி, அம்மா அல்லது மகள். பிளேட்லெட்டுக்கு ஆள் தேடுவது, பில் கட்டுவது, சொந்தக்காரர் போனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் திரும்பத் திரும்ப ஆள் தேட வேண்டும். அவர் அழுவதற்கு பாத்ரூம்தான் இடம். பாஸ்டன் ஆய்வில் நோயாளியோடு கூட இருந்தவர்களின் மனச்சோர்வும் இரண்டாவது வாரத்தில் குறைவாகவே இருந்தது. சொந்தக்காரர்கள் உதவ நினைத்தால், பார்க்க வந்து நிற்பதைவிட ‘ரெண்டு ராத்திரி நான் இருக்கறேன், நீங்க ஊருக்குப் போய்த் தூங்கிட்டு வாங்க’ என்று சொல்லலாம். கறவைக்கு நிற்கலாம். நோயாளியிடம் ‘அந்த ஊர்க்காரர் இதே நோயில் போய்ட்டாரு’ கதையைச் சொல்லாமல் இருப்பதும் பெரிய உதவிதான்.

இன்னும் சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. வெள்ளணு குறைந்திருக்கும்போது நம்மிடமிருந்து அவருக்குத்தான் கிருமி போகும். அவரிடமிருந்து நமக்குப் புற்றுநோய் வராது.

எங்கே, எப்படிக் கேட்பது?

அட்மிஷன் போடும் அன்றே, ‘இங்க சைக்காலஜிஸ்ட் அல்லது கவுன்சலர் இருக்காங்களா? நோய் ஆதரவு சிகிச்சைக் குழு இருக்குதுங்களா?’ என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள். தனிப் பிரிவு இல்லாத இடத்திலும் மனநல மருத்துவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்ல முடியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது.

போனில் பேச 14416 என்ற எண் உண்டு. மத்திய அரசின் டெலி-மனாஸ் திட்டத்தில் 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டும் இல்லை, கூட இருப்பவரும் பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தனியாக விடாமல், உடனே இந்த எண்களுக்கு அழையுங்கள்.

பண பயம் பாதி மன பயம். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. எந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிட்டால், ராத்திரி கணக்குப் போட்டுத் தவிப்பது கொஞ்சம் குறையும். அடையாறு போன்ற தூரத்து மருத்துவமனைக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. கூடப் போகும் ஒருவருக்கு அதே பெட்டியில் 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சரியாகிவிடுமா?

வீட்டுக்கு வந்த முதல் வாரம் விசேஷ வீடு மாதிரி இருக்கும். அப்புறம் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் பெல் அடித்தால் நர்ஸ் வருவார். இங்கே யாரும் இல்லை. எதிர்பார்த்ததற்கு மாறாக, பலருக்கு மனசு இறங்குவது இந்த இடத்தில்தான். ஒரு சின்ன இருமல் வந்தாலும் ‘திரும்பி வந்துடுச்சோ’ என்று நெஞ்சு அடிக்கும். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகும். பேர் மறப்பது, கணக்கு தடுமாறுவது போன்றவை கீமோவுக்குப் பிறகு சில மாதம் இருக்கலாம். பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ரத்த ரிப்போர்ட்டோடு இதையும் சொல்லுங்கள். தொடர்ந்து மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வீட்டுக்கு வரும் செவிலியர் பி.பி. பார்த்து முடித்ததும், ‘மனசு பத்துக்கு எத்தனைங்க?’ என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடலாம்.